இராசவள்ளி இலையில் வலை, புன்னை இலையில் வரிவரியாகக் கோடு: வகுப்பில் எதைச் சொல்வது?

#1 கடலோர ஆசிரியை | திங்கள், இரவு 8:10

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் இலை நரம்பமைவுப் பாடம். ஆளுக்கு இரண்டு இலை கொண்டுவரச் சொன்னேன்: வலைப்பின்னல் நரம்பமைவுக்கு ஒன்று, இணைப்போக்கு நரம்பமைவுக்கு ஒன்று. கரும்பலகையில் விதியையும் எழுதினேன்: நரம்பு வலையாக இருந்தால் இருவித்திலை (விதைக்குள் இரண்டு வித்திலை), இணையாக ஓடினால் ஒருவித்திலை (விதைக்குள் ஒரே வித்திலை). பெரும்பாலான பிள்ளைகள் செம்பருத்தியும் புல்லும், வேம்பும் வாழையுமாகக் கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கடற்கரையிலிருந்து புன்னை இலையும், வீட்டு வேலியிலிருந்து வள்ளிக்கிழங்குக் (சர்க்கரைவள்ளி அல்ல, இராசவள்ளி) கொடியின் இலையும் கொண்டுவந்தாள். புன்னையில் நடு நரம்பிலிருந்து ஓரம் வரை மயிரிழை போல நெருக்கமாக ஒரே சீரில் கோடுகள். வள்ளிக்கொடி இலை இதய வடிவம். பெரிய நரம்புகளுக்கு இடையே தெளிவான வலை. அவள் எழுதியது இது: ‘புன்னை, இணைப்போக்கு, ஆகவே ஒருவித்திலைத் தாவரம். வள்ளி, வலைப்பின்னல், ஆகவே இருவித்திலைத் தாவரம்.’

நான் இரண்டுக்கும் பெருக்கல் குறி போட்டேன். புன்னை இருவித்திலை, வள்ளி ஒருவித்திலை என்பது எனக்குத் தெரியும். குறிப்பேட்டைத் திரும்பக் கொடுத்தபோது அவள் கேட்டாள்: “நீங்கள் கரும்பலகையில் எழுதிய விதியைத்தானே டீச்சர் எழுதினேன்? விதி தவறா, இலை தவறா?”

அந்தக் கேள்வி மூன்று நாட்களாக என்னை விடவில்லை. அவள் கண்ணால் கண்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். நான்தான் அவள் பார்வைக்குக் குறி போட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்புக்குப் புரியும்படி இதை எப்படிச் சொல்வது?


#2 அகக்காழ் | திங்கள், இரவு 9:35

அம்மா, முதலில் அந்தப் பெருக்கல் குறிகளை அடித்துவிட்டு, நரம்பமைவை எழுதிய இரண்டு வரிகளுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். அவள் பார்த்தது சரி. ‘ஆகவே’ என்ற சொல்தான் தவறு. அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது பாடம்.

முப்பது ஆண்டுக்கு மேல் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். இந்த ‘ஆகவே’யை எடுப்பதற்குள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பருவம் போய்விடும். நரம்பமைவு ஒரு தடயம், தீர்ப்பு ஆகாது. வள்ளி வகை, சேம்பு, கருணை, காட்டில் முள்ளோடு படரும் ஸ்மைலாக்ஸ் கொடி, எல்லாம் ஒருவித்திலை; எல்லாவற்றிலும் வலை இருக்கிறது. எதிர்ப்பக்கம் புன்னை இருக்கிறது. புன்னையின் தாவரவியல் பெயரில் முதற்பகுதியான ‘கேலோஃபில்லம்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அழகிய இலை’ என்று பொருள். உங்கள் மாணவி கண்ட அந்த வரிகளைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். அந்த வரிகள் எல்லாமே நரம்பும் அல்ல: நரம்பு ஒன்று, பிசின்பால் ஓடும் குழல் ஒன்று என்று மாறி மாறி வருகின்றன.

எப்படி உறுதிசெய்வது? வள்ளிக் கொடியில் காய் கிடைத்தால் எடுத்துக் காட்டுங்கள். மூன்று சிறகு இருக்கும். பூவின் உறுப்புகளும் மூன்று மூன்றாக. ஒருவித்திலைக் குடும்பத்தின் கையெழுத்து அது. புன்னையின் வெள்ளைப் பூவில் இதழ்கள் பெரும்பாலும் நான்கு. உள்ளே மகரந்தத் தாள்கள் கொத்தாக நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘இருவித்திலை’ என்பதே இப்போது ஒரே வம்சமாகக் கருதப்படுவதில்லை. மரபணு ஒப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு 1998இல் வெளிவந்த பூக்கும் தாவர வகைப்பாடு அதை உடைத்துவிட்டது. வெற்றிலை, மிளகு, இலவங்கப்பட்டை, சீத்தா இவற்றுக்கு இரண்டு வித்திலைகள் உண்டு. ஆனால் இவை வேம்பும் மாவும் சேர்ந்த பெருங்குழுவில் இல்லை, தனிக் கிளை. ஏழாம் வகுப்புக்கு இது வேண்டாம். ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.


#3 நான்காம் மணி | செவ்வாய், காலை 6:50

நானும் ஆசிரியன்தான். ஐயா சொல்வது உண்மை. ஆனால் நடைமுறைக்கு உதவாது என்று பணிவோடு சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் விதி ஒன்றைக் கையில் கொடுத்தால்தான் பிள்ளை செடியைத் திரும்பிப் பார்க்கும். முதல் நாளே விதிவிலக்குகளை அடுக்கினால் ‘எதுவும் நிச்சயமில்லை’ என்ற எண்ணம்தான் மிஞ்சும். புல், நெல், கரும்பு, மூங்கில், தென்னை, வாழை: பிள்ளை அன்றாடம் பார்க்கும் ஒருவித்திலை எல்லாம் விதிக்குள் அடங்குகிறது. வேம்பு, மா, முருங்கை, கத்தரி, அவரை: மறுபக்கமும் அடங்குகிறது. தேர்வில் கேட்பதும் இதைத்தான். விதிவிலக்கை மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.


#4 இணுவில் தோட்டம் | செவ்வாய், காலை 9:20

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கொடியை இராசவள்ளி என்போம். ஊதாக் கிழங்கு, தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கூழாகக் கிண்டுவோம். கொடிக்கு வாரத்தில் நாலு நாள் தண்ணீர் இறைக்கிறேன். இந்தக் கேள்வியைப் படித்ததும் போய் இலையொன்றைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

காம்பு வந்து சேரும் இடத்திலிருந்து பெரிய நரம்புகள் விரிகின்றன. எல்லாம் வளைந்து வளைந்து போய் நுனியை நோக்கிக் கூடுகின்றன. மாவிலையில் இப்படி இல்லை. அங்கே நடு முதுகிலிருந்து விலா எலும்பு போலப் பிரிகின்றன. இராசவள்ளியில் பெரிய நரம்புகள் மட்டும் ஒருவித்திலையின் பழக்கத்தை விடவில்லை போலிருக்கிறது: அடியில் புறப்பட்டு நுனியில் முடிகின்றன. வலை எல்லாம் அவற்றின் இடைவெளியில்தான். அகக்காழ் ஐயா, நான் பார்த்தது சரியா?

ஒரு சொல்லும் சொல்ல வேண்டும். இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் நீரைக் கடத்தும் சைலத்தைக் ‘காழ்’ என்றும் உணவைக் கடத்தும் ஃபுளோயத்தை ‘உரியம்’ என்றும் படித்தோம். இணைப்போக்குக்குச் ‘சமாந்தர நரம்பமைப்பு’. ஐயா தம் பெயராக வைத்திருக்கும் அகக்காழும் அந்தக் காழ்தானே.


#5 அகக்காழ் | செவ்வாய், காலை 11:05

இணுவில் தோட்டம் அவர்களே, மிகச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். வளைந்து நுனியில் கூடும் பெரிய நரம்புகள் வள்ளிக் குடும்பத்தின் அடையாளம். வெற்றிலையிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அது வேறு வம்சம் என்று மேலே எழுதினேன். வேறு வேறு வம்சங்கள் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வதைத்தான் இந்த இரண்டு இலைகளும் காட்டுகின்றன.

காழ், அதாவது வைரம், பற்றி: தொல்காப்பிய மரபியல் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்பக்கம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ், ஆகவே புல். வித்திலையை எண்ணாமல், அறுத்த தண்டைப் பார்த்துச் செய்த பிரிவு அது. இன்று நாம் ஒருவித்திலை என்று சொல்வதற்கு எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள். உறுப்புப் பெயர்களையும் அதே பிரிவின்படி கொடுக்கிறது: புல்லுக்கு ஓலை, தோடு, மடல், ஈர்க்கு, மரத்துக்கு இலை, தளிர், முறி, குழை. ஈர்க்கு என்பதே தென்னங்கீற்றின் நடு நரம்புதான். துடைப்பம் கட்டுகிறவர்கள் நரம்பைத் தனியாக உரித்துக் கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு நரம்பைக் கையில் கொடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நான்காம் மணி தம்பிக்கு: விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லை விதியோடு சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன். அந்தச் சொல் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் குறிப்பேட்டில் பெருக்கல் குறி விழுந்திருக்காது.


#6 கடலோர ஆசிரியை | செவ்வாய், மாலை 6:30

நன்றி ஐயா. குறிப்பேட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: “எதற்காக வலை? நேராகப் போனால் தண்ணீர் சீக்கிரம் போகுமே?” என்னிடம் நல்ல பதில் இல்லை. இங்கே யாராவது உதவுங்கள்.


#7 நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 10:15

அக்கா, உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட ஆழமானது. நான் தாவர உடற்செயலியலில் ஆய்வு மாணவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வலை இல்லாத இலை ஒன்றைப் பாருங்கள். பழைய கிணற்றின் ஈரச் சுவரில் மெல்லிய கருங்காம்போடு தொங்கும் பெரணி உங்கள் ஊரிலும் இருக்கலாம். அதன் சிற்றிலை ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடியுங்கள். நரம்பு இரண்டாகக் கவைக்கும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகக் கவைக்கும், ஓரம் வரை இப்படியே போகும். ஒரு கிளை இன்னொரு கிளையை எங்கும் சந்திக்காது. சீனாவின் ஜிங்கோ மர இலையும் இப்படித்தான்.

இப்போது ஒரு புழு அந்த நரம்பைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். பெரணியில் கடிபட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் பகுதிக்குத் தண்ணீர் கிடையாது. வலையுள்ள இலையில் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலெனி காட்டிஃபோரி, மார்செலோ மக்னாஸ்கோ குழுவினர் இதைக் கண்ணுக்குத் தெரியச் செய்தார்கள். எலுமிச்சை இலையின் நடு நரம்பில் வட்டமாக ஓட்டை போட்டு, காம்பு வழியே ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். சாயம் ஓட்டையின் விளிம்பு வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து, சிறு நரம்புகளின் வழியே ஓட்டையைச் சுற்றிப்போய், மறுபக்கம் நடு நரம்பையே மீண்டும் பிடித்தது. ஜிங்கோ இலையில் காயத்துக்கு அப்பால் இருந்த பகுதி இருட்டாகவே நின்றது. 2010இல் வெளியான அவர்களது கணக்கு இன்னொன்றையும் சொன்னது. எந்தச் சேதமும் இல்லாமல், எல்லா இடத்திலும் ஒரே அளவு தண்ணீர் தேவை என்றால், கிளைகள் மட்டும் உள்ள மரவடிவமே சிக்கனம். சேதம் வரும், தேவையும் இடத்துக்கு இடம் மாறும் என்று கணக்கில் சேர்த்தவுடன் வளையங்கள் தாமாகவே தோன்றுகின்றன. வெயில் படும் பாதி நிறைய நீரை இழுக்கும், நிழல் விழும் பாதி குறைவாக இழுக்கும். அடுத்த மணி நேரத்தில் அது மாறிவிடும். வளையம் அதற்கும் ஈடுகொடுக்கிறது.

ஆகவே அவளிடம் சொல்லுங்கள்: நேராகப் போனால் சிக்கனம் என்று அவள் நினைத்தது சரி. நம்மூர்க் கால்வாயும் அப்படித்தான். ஒரே வாய்க்கால் உடைந்தால் கடைமடை காய்ந்துவிடும்.

வள்ளிக்கு ஏன் வலை என்பதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிவ்னிஷ் குழு 2005இல் ஒருவித்திலைகளின் வம்சாவளியை வரைந்து பார்த்தது. வலை நரம்பு ஒருவித்திலைக்குள் இருபது தடவைக்கும் மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பெரும்பாலும் எங்கே? காட்டின் நிழலில். நிழலில் வெளிச்சத்தைப் பிடிக்க அகலமான, மெல்லிய இலை வேண்டும். அப்படிப்பட்ட இலையைத் தொய்யாமல் தாங்க, தடித்த நேர்க்கோடுகளைவிடக் கிளைத்துப் பின்னிய நரம்பு மலிவு.


#8 நான்காம் மணி | புதன், காலை 7:05

இதைப் படித்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். விதியைச் சொல்லும்போதே ‘ஏன்’ என்பதையும் சொன்னால் விதிவிலக்கு குழப்பமாகத் தெரியாது. ஆனால் அப்படியென்றால் புல்லுக்கு ஏன் நேர்க்கோடு? அதையும் நுண்ணோக்கி தம்பி சொல்ல வேண்டும்.


#9 கரிசல் சம்சாரி | புதன், மதியம் 1:40

படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் இலை நரம்பைப் பார்க்கத் தெரியாமல் நான் ஒரு போகம் இழந்தேன். அதைச் சொல்ல வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஏக்கர் வெண்டை போட்டேன். முப்பதாவது நாள் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. மருந்துக் கடையில் இலையைக் காட்டினேன். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்காமல் ‘இரும்புச்சத்துக் குறைவு, அன்னபேதி உப்பு அடியுங்கள்’ என்றார். இரண்டு தடவை அடித்தேன். மஞ்சள் நிற்கவில்லை. காய் வெளிறிப்போய்ச் சிறுத்தது, சந்தையில் எடுக்க ஆளில்லை. பிறகு வேளாண்மை படித்த என் தங்கை மகன் வந்து இலையைக் கையில் வாங்கிச் சொன்னான்: “மாமா, நரம்பு மஞ்சளாக இருக்கிறதா, நரம்புக்கு இடையில் மஞ்சளாக இருக்கிறதா, அதை முதலில் பாருங்கள்.”

நரம்பு பச்சையாக நின்று, இடைவெளி மட்டும் மஞ்சளானால் சத்துக் குறைவு. இளம் இலையில் அப்படி இருந்தால் பெரும்பாலும் இரும்பு. சுண்ணாம்பு மண்ணில் கடலைக்கு வருவது இதுதான். அடியிலுள்ள முதிர்ந்த இலையில் இருந்தால் மக்னீசியம். என் வெண்டையில் தலைகீழ்: நரம்பு முழுக்க மஞ்சள், வலைக் கண்ணிகளுக்குள் பச்சை. அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸ், வெள்ளை ஈ பரப்புகிறது. அதற்கு எந்த உப்பும் கேட்காது. ஆரம்பத்திலேயே நோய்ச் செடியைப் பிடுங்கி அழித்து, மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து ஈயைக் கட்டுப்படுத்தியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும்.

டீச்சர், உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் சம்சாரி வீட்டுப் பிள்ளைகளோ தெரியாது. பச்சை நரம்பா, மஞ்சள் நரம்பா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வலைப்பின்னல் என்ற சொல்லை மறந்தாலும் பரவாயில்லை.


#10 நுண்ணோக்கி | புதன், மாலை 5:20

சம்சாரி ஐயா, உங்கள் தங்கை மகன் சொன்னதற்குக் காரணமும் சொல்கிறேன். இரும்பு செடிக்குள் ஓரிடத்தில் தங்கிவிட்டால் எளிதில் இடம் மாறாது; பழைய இலையில் இருப்பதைப் புதிய இலை கடன் வாங்க முடியாது. ஆகவே இளம் இலை முதலில் வெளுக்கிறது. வருகிற கொஞ்சமும் நரம்பையொட்டிய செல்களுக்கே போய்ச் சேர்வதால் நரம்பு பச்சையாக நிற்கிறது. மக்னீசியம் இடம் மாறும். செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவி இளம் இலைக்கு அனுப்பிவிடும். ஆகவே பழைய இலை வெளுக்கிறது.

நான்காம் மணி அண்ணன் கேட்ட புல்லுக்கு வருகிறேன். செம்பருத்தி இலை முளைக்கும்போதே சிறு இலையாக முளைத்து, எல்லாத் திசையிலும் பரந்து விரிகிறது. பெரிய நரம்புகள் முதலில் அமைகின்றன. விரிய விரிய உண்டாகும் இடைவெளியைச் சிறு நரம்புகள் நிரப்புகின்றன. புல்லின் இலை அடியிலிருந்து வளர்கிறது. நுனிதான் வயதில் மூத்தது, அடி இளையது. அடியில் புதிதாகச் சேரும் ஒவ்வோர் அங்குலத்திலும் நரம்பு நேராக நீள்வதுதான் இயல்பு. மாடு நுனியை மேய்ந்துவிட்டுப் போன பிறகும் அதே இலை நீள்வது இதனால்தான். செம்பருத்தி இலையைப் பாதி கிள்ளினால் அந்தப் பாதி திரும்ப வராது.

நரம்பு தன் வழியை எப்படித் தேடிக்கொள்கிறது என்பதை ஜெருசலேமில் ட்ஸ்வி சாக்ஸ் 1960களின் இறுதியிலிருந்து பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்தார். தண்டின் ஒரு பக்கத்தைக் கீறி, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை அங்கே தடவினால், அங்கிருந்து பழைய நரம்பை நோக்கிப் புது நரம்பு உருவாகிறது. மழைநீர் முதலில் எங்கும் பரவி ஓடும். எங்கே கொஞ்சம் அரித்துத் தடம் விழுகிறதோ, அடுத்த மழை அந்தத் தடத்திலேயே அதிகம் ஓடி அதை ஆழமாக்கும். ஆக்சினும் அப்படியே: எந்தச் செல்களின் வழியே கொஞ்சம் அதிகம் ஓடியதோ, அந்தச் செல்கள் மேலும் நன்றாகக் கடத்தப் பழகி, கடைசியில் நரம்பாகின்றன.


#11 ஓலைச்சுவடி | புதன், இரவு 9:00

வாழையை யாரும் தொடவில்லை. ஒருவித்திலைக்கு உதாரணம் சொல்லும்போது முதலில் வாழையைச் சொல்கிறோம். ஆனால் வாழை நரம்பு புல்லைப் போல அடியிலிருந்து நுனிக்குப் போவதில்லை. நடுத் தண்டிலிருந்து ஓரத்துக்குப் போகிறது. எல்லாம் ஒன்றுக்கொன்று இணை. ஆகவே காற்று அடித்தால் ஓரத்திலிருந்து நடுத்தண்டு வரை நரம்போரமாக நேராகக் கிழிகிறது. கிழிந்த ஒவ்வொரு கீற்றிலும் அதற்கான நரம்புகள் நடுத் தண்டோடு ஒட்டியே இருப்பதால் கீற்று வாடுவதில்லை. காற்றுக்கு முழு இலை பாய்மரம். கிழிந்த இலை கொடித்துணி. குறுகிய கீற்று வெப்பத்தையும் விரைவாகக் காற்றில் விட்டுவிடும்.

தென்னை இந்த வேலையைக் காற்றுக்கு விட்டுவைக்கவில்லை. அதன் இலை குருத்துக்குள் மடிப்பு மடிப்பாக ஒரே பரப்பாகத் தொடங்கி, மடிப்புகளின் வழியே தானே பிரிந்து கீற்றுகளாக வெளியே வருகிறது.

என் பாட்டி கட்டுச்சோறு கட்டுவதற்கு முன் வாழையிலையை அடுப்புத் தணலுக்கு மேலே இப்படியும் அப்படியுமாக ஓட்டுவார். வெளிர்ப்பச்சை இலை ஒரு கணத்தில் எண்ணெய் தடவியது போல மினுங்கிக் கரும்பச்சையாகும். பிறகு எப்படி மடித்தாலும் கிழியாது. வாட்டாத இலையில் செல்கள் நீர் நிறைந்து விறைத்திருக்கின்றன, மடித்தால் நரம்போரமாகப் பிளக்கிறது. சூடு அந்த விறைப்பை எடுத்துவிடுகிறது. நரம்பு அப்படியே இருக்கிறது, சோற்றைத் தாங்குகிறது.

பனை ஓலையிலும் நரம்புதான் எல்லாம். ஈர்க்கை உரித்து எடுத்தபின் ஏட்டில் நரம்புகள் நீளவாக்கில் ஓடும். எழுத்தாணியால் நரம்போடு இழுத்தால் ஓலை பிளந்துவிடும் என்பதால்தான் நம் எழுத்துகள் வட்டமாயின.


#12 மையாடல் | வியாழன், காலை 8:15

ஓலைச்சுவடி ஐயாவின் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றுக்கும் அடிக்கோடு நேர்க்கோடு; ஓலை நரம்புக்கு இணையாகவே ஓடும். நூற்றாண்டுக் கணக்கில் அவற்றை ஓலையில் எழுதியிருக்கிறார்கள். நான் சுவடிகளைக் கையில் எடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் தடவும் வேலையில் இருப்பவள். நன்கு பதப்படுத்திய ஏட்டில் அடிக்கோட்டால் பிளந்த இடம் என்று எனக்கு எதுவும் அகப்பட்டதில்லை. பிளவு வருவதெல்லாம் காய்ந்த ஓரத்திலிருந்தும், கயிறு கோக்கும் துளையிலிருந்தும். வந்தால் நரம்போடு நேராக ஓடும். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள் என்பது வேறு செய்தி, அது உண்மை.


#13 ஓலைச்சுவடி | வியாழன், காலை 10:40

ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதை ஏற்கிறேன். பள்ளியில் கேட்டதை ஆராயாமல் எழுதிவிட்டேன் அம்மா.


#14 சருகு | வியாழன், மாலை 4:30

வகுப்பில் செய்து காட்ட ஒரு வழி. முதிர்ந்த, பூச்சி கடிக்காத அரச இலைகள் பத்தை ஒரு மண்சட்டியில் தண்ணீரில் மூழ்க வையுங்கள். மேலே கல் வையுங்கள். மூன்று நான்கு வாரம். நாற்றம் வரும், ஆகவே மாடியிலோ கொல்லையிலோ வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றலாம். சதை கொழகொழவென்று ஆனதும் தட்டில் பரப்பி, மெல்லிய பல்துலக்கியால் தட்டித் தட்டிக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. சலவைச் சோடாவில் கொதிக்க வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனால் அது கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மிஞ்சுவது நரம்பு மட்டும். அதைக் கறுப்புத் துணியில் வைத்துப் பாருங்கள். பக்க நரம்புகள் ஓரத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே வளைந்து அடுத்த நரம்போடு கைகோத்துக்கொள்ளும். ஆகவே இலையின் விளிம்பை ஒட்டி வில் வில்லாக ஒரு சங்கிலி போகும். அதற்குள் சின்னக் கண்ணிகள், அவற்றுக்குள் இன்னும் சின்னக் கண்ணிகள். கடைசிக் கண்ணிக்குள் ஒரு நரம்பு நுழைந்து எங்கும் சேராமல் பாதியில் நின்றுவிடும். நுண்ணோக்கி தம்பி சொன்ன எலுமிச்சைச் சாயம் ஓடிய பாதை இதுதான் என்று பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கலாம். கொய்யா, நாவல் இலைகளில் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு இன்னும் தெளிவு. அதைப் பார்க்க ஊற வைக்கவே தேவையில்லை.


#15 நுண்ணோக்கி | வியாழன், இரவு 11:10

சருகு அவர்கள் சொன்ன அந்தக் கடைசிக் கண்ணிக்கு ஓர் எண் சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த எண். ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் இருக்கும் நரம்புகளையெல்லாம் பிரித்து ஒரே கோடாக நீட்டினால் எவ்வளவு நீளம்? பெரணி, ஊசியிலை போன்ற பூக்காத தாவரங்களில் சராசரி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். பூக்கும் தாவரங்களில் சராசரி எட்டு. சிலவற்றில் 25 வரை. கெவின் பாய்ஸ், டிம் பிராட்ரிப் குழு 2009இல் இதைப் புதைபடிவ இலைகளோடு ஒப்பிட்டுக் காட்டியது. பல கோடி ஆண்டுகளாக இரண்டைச் சுற்றியே நின்ற அளவு, பூக்கும் தாவரங்கள் வந்த பிறகுதான் எகிறியது. நரம்பு நெருங்கினால் ஒவ்வொரு செல்லுக்கும் தண்ணீர் நெருங்கும். இலைத்துளையை அகலத் திறந்து கரியமில வாயுவை நிறைய வாங்கலாம், வாடிவிடும் என்ற பயமில்லை.

சோளம், மக்காச்சோளம், கரும்பு இன்னும் ஒருபடி மேலே. மக்காச்சோளத்தில் இரண்டு நரம்புகளின் கற்றை உறைகளுக்கு இடையே பொதுவாக இரண்டே செல்கள். உறையின் பெரிய பச்சைச் செல்கள் நரம்பைச் சுற்றி மாலை போல நிற்கும். அதைக் கண்ட ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஹேபர்லாண்ட் ‘மாலை’ என்று பொருள்படும் ஜெர்மன் மொழிச் சொல்லையே பெயராக வைத்தார். அந்த மாலை எதற்கு என்பது புரிய 1960கள் வரை ஆனது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையில் சி-4 ஒளிச்சேர்க்கையின் வேதிப் பாதையை 1966இல் வெளியிட்டார்கள். வெளிச்செல்கள் கரியமில வாயுவைப் பிடித்து, நரம்பைச் சூழ்ந்த மாலைக்குள் திணிக்கின்றன. நெல்லில் நரம்புகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, அந்த மாலையும் வேலை செய்வதில்லை. நெல் இலையின் நரம்புகளை நெருக்கி இந்த வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழுவே உழைக்கிறது.


#16 கடலோர ஆசிரியை | சனி, மாலை 7:45

நேற்று இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் பழைய விதியை எழுதி, ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை அந்தப் பெண்ணையே கூப்பிட்டுச் சேர்க்கச் சொன்னேன். பிறகு பாடநூலை மூடிவிட்டு, ஜன்னலோரம் வரிசையாக நின்று இலைகளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். இலைகளைக் கிழித்தும் பார்த்தோம்: வாழை நேராகக் கிழிந்தது, செம்பருத்தி கோணல்மாணலாகக் கிழிந்தது, புன்னை வரியோடு கிழிந்தது. ஒரு பையன் வீட்டிலிருந்து வெண்டை இலை கொண்டுவந்திருந்தான். நரம்பு மஞ்சளா, இடை மஞ்சளா என்று எல்லோரையும் பார்க்க வைத்தேன். நரம்பு மஞ்சள். மாலையே அவன் அப்பா தோட்டத்துக்குப் போய் நான்கு செடிகளைப் பிடுங்கிவிட்டாராம். சம்சாரி ஐயாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எழுத வந்தேன்.

அந்தப் பெண் இன்று காலை வீட்டுக்கே வந்துவிட்டாள், பாவாடை நனைந்திருக்க. ஊருணியில் இறங்கி, ‘கொட்டி’ என்ற நீர்ச்செடியின் இலை பறித்து வந்திருக்கிறாள். நீளமான இலை, அடியிலிருந்து நுனிக்கு நரம்புகள் இணையாக ஓடுகின்றன, புல்லைப் போல. ஆனால் ஒவ்வோர் இடைவெளியிலும் குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள், ஏணிப்படி மாதிரி. “இது நேர்க்கோடா, வலையா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் “ஒரு படி உடைந்தாலும் அடுத்த படி வழியாகத் தண்ணீர் போகும்” என்றாள். குறிப்பேட்டில் ‘ஏணி நரம்பு’ என்று எழுதியிருக்கிறாள். ஐயா, அந்தப் பெயரை அப்படியே விடட்டுமா?


#17 அகக்காழ் | சனி, இரவு 8:20

விடுங்கள் அம்மா. கொட்டி ஒருவித்திலைதான். புல்லிலும் கரும்பிலும்கூட அந்தக் குறுக்குப் படிகள் உண்டு, உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் தெரியும். கொட்டியில் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. மடகாஸ்கர் ஓடைகளில் வளரும் கொட்டியின் உறவுக்காரச் செடி ஒன்றில், இலை வளரும்போதே படிகளுக்கு இடையிலுள்ள சதை தானாக இறந்து ஓட்டைகளாகிவிடும். ஏணி மட்டும் தண்ணீருக்குள் மிதக்கும். அதன் படம் என்னிடம் இருக்கிறது. நாளை இங்கே ஏற்றுகிறேன், அவளுக்குக் காட்டுங்கள். ஊருணியில் தனியாக இறங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.